மணியை நிறுத்தும் சாவி

திண்டுக்கல்காரன் வெளியூரில் தன் ஊர்ப்பெயரைச் சொன்னால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று பிரியாணி, இன்னொன்று பூட்டு. நான் பூட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்வேன். பொய்யில்லை. அப்பா நாகல் நகர் பக்கம் சின்னதாக ஓர் இரும்புக்கடை வைத்திருந்தார். பட்டறைகளுக்குத் தகடும் பித்தளைத் துண்டும் அரமும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். இன்று நான் பார்க்கும் வேலையும் ஒரு வகையில் பூட்டு வேலைதான். ஒரு நூற்பாலைக் குழுமத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். அவர்களுடைய சர்வர்கள் எல்லாம் இப்போது கிளவுடில் ஓடுகின்றன. அந்தச் சர்வர்களைக் காவல் காக்க ஒரு பாதுகாப்புச் சேவை உண்டு. யார் உள்ளே நுழைகிறார்கள், தெரியாத நிரல் ஏதாவது ஓடுகிறதா, சர்வர் எந்த வெளி முகவரியோடு பேசுகிறது என்று இரவும் பகலும் பார்த்து, சந்தேகம் வந்தால் அலர்ட் அடிக்கும். அந்தச் சேவைக்குள் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற அனுமதிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் நான் செய்த ஒரு தப்பு, ஒரு பையனின் வேலையைப் பறிக்கப் பார்த்தது. அதைப் புரிந்துகொள்ளப் போய் நான் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். தினமும் ராத்திரி 2 மணிக்கு எங்கள் கணக்குகளின் நகல் வேறொரு இடத்துக்குப் போகும். ஒரே நேரத்தில் இவ்வளவு தரவு வெளியே போவதைப் பார்த்துக் காவல் சேவை பதறும். அலர்ட் அடிக்கும். இரவுப் பணியில் இருந்த வேடசந்தூர்ப் பையன் எழுந்து, பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று மூடுவான். இருபது நாள் இப்படிப் போனது. இருபத்தோராம் நாள் அவன் ஒரு விதி எழுதிவைத்தான்: வழக்கத்துக்கு மாறான வெளித்தொடர்பு என்று அலர்ட் வந்தால், பார்த்தாகிவிட்டது என்று தானாகவே மூடிவிடு. அந்த ஒரு சர்வருக்கு மட்டும் எழுதியிருக்க வேண்டும். எல்லாச் சர்வருக்கும் எழுதிவிட்டான். அடுத்த வாரம், யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு பழைய சோதனைச் சர்வருக்குள் எவனோ புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஓட்டினான். காவல் சேவை பார்த்தது, மணியும் அடித்தது. பையனின் விதி அதை மூடிவிட்டது. 9 நாள் கழித்து பில் எகிறியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

விசாரணைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "அவன் வேணும்னேதான் அணைச்சு வெச்சிருக்கான். ஆளை அனுப்பிடுங்க." பையன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த விதியை எழுதும் அனுமதி அவனிடம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், குழுவில் இருந்த ஏழு பேருக்கும் 'முழு அனுமதி' என்று ஒரே சொடுக்கில் கொடுத்தவன் நான்.

*

அன்று சாயங்காலம் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அரச் சத்தம் கேட்ட காலத்தில் தொழில் கற்றவர். இப்போது பக்கத்துப் பட்டறைகள் பல மூடிக்கிடக்கின்றன. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்குகிறது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு வந்ததால் பட்டறைக்குப் புதுப் பையன்கள் வந்துவிடவில்லை.

நம்மூர்ப் பூட்டின் சூட்சுமம் உள்ளே இருக்கும் லீவர்களில் இருக்கிறது. தட்டையான பித்தளைத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றையும் சாவியின் ஒரு பல் தூக்கும். சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தகடுகளின் வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், தாழ் நகரும். குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. ஒவ்வொரு பூட்டுக்கும் சாவியைத் தனித்தனியாக அரத்தால் ராவி எடுப்பார்கள். மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று ரகம் பல. அவற்றில் ஒன்று பெல் பூட்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். திறப்பது யாராக இருந்தாலும் வீட்டுக்காரருக்குக் கேட்கும்.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். சர்வர், கிளவுட் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தது, ஒருத்தன் அணைத்துவிட்டான் என்ற இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"பெல் பூட்டுல மணிச் சத்தம் வெளிய வர்ற எடத்துல துணியைத் திணிச்சு வெச்சிருப்பாங்க மாப்ளே. ரிப்பேருக்கு வரும்போது பார்த்திருக்கேன். யாரு திணிச்சிருப்பான்னு நெனைக்கிற? களவாணியா? அவனுக்கு எங்க நேரம் இருக்கு. கடைப்பையன்தான். ஒரு நாளைக்கு நாப்பது தடவை தொறந்து பூட்டுறவனுக்குத்தான் அந்தச் சத்தம் தலைவலி. அவன் திருடன் இல்ல. தலைவலிக்காரன்."

பிறகு கேட்டார்: "அது கெடக்கட்டும். மணியில கைவைக்கிற மாதிரி அவன்கிட்ட ஏன் கொடுத்தீக?"

*

இந்தக் கேள்வி 200 வருஷம் பழையது. வீட்டுக்கு வந்து பூட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியைத் தவிர வேறு எதனாலும் திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அரசு போட்டி வைத்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் செய்த லீவர் பூட்டு பரிசு வாங்கியது. அதற்குப் பெயரே 'டிடெக்டர்' பூட்டு. கள்ளச்சாவியோ கம்பியோ விட்டு நோண்டும்போது ஏதாவது ஒரு லீவர் அளவுக்கு மேல் உயர்ந்தால், ஒரு வில் அதைப் பிடித்து அப்படியே நிறுத்திவிடும். அதன் பிறகு சரியான சாவி போட்டாலும் திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். இன்றைய காவல் சேவைகளின் அலர்ட் என்பது இதுதான்.

அந்தப் பிடியை விடுவிக்க முதல் வடிவத்தில் தனியாக ஒரு சாவி இருந்தது. கதவைத் திறக்கும் சாவி வேறு, எச்சரிக்கையை நீக்கும் சாவி வேறு. 1824இல் சார்லஸ் சப் இதை மாற்றினார். வழக்கமான சாவியையே எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும், பூட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு சாவி சுமக்கும் தொல்லை போனது. வியாபாரத்துக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் திறக்கும் உரிமையும் எச்சரிக்கையைத் துடைக்கும் உரிமையும் அன்றைக்கு ஒரே கைக்கு வந்து சேர்ந்தன. தீபாவளிக்கு முந்தின நாள் நான் செய்ததும் அதேதான். வசதிக்காக இரண்டு சாவியை ஒன்றாக்கினேன்.

*

கணினியில் பூட்டு வந்த கதை 1961இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்து காட்டினார்கள். பலர் புழங்கும் இடம் என்றால் அவரவர் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். அதற்காகப் பாஸ்வேர்டு வைத்தார்கள். வைத்த கொஞ்ச காலத்திலேயே அதை உடைத்தவர் வெளியாள் இல்லை, அங்கேயே ஆராய்ச்சி செய்த ஆலன் ஷெர். வாரத்துக்கு 4 மணி நேரம்தான் அவருக்குக் கணினி நேரம். அது போதவில்லை. 1962இல் பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தரச் சொல்லி ஒரு துளையட்டையைப் போட்டார். கணினி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. அந்தக் கோப்பை யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

1966இல் இன்னொரு கூத்து. அமைப்பைப் பராமரித்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று அன்றைய அறிவிப்பு, இன்னொன்று பாஸ்வேர்டுப் பட்டியல். அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நினைத்து எழுதப்பட்ட நிரல், இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டது. அன்று லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்தது. இரண்டு சம்பவத்திலும் பூட்டு உடையவே இல்லை. சாவிக்கொத்தை எங்கே வைப்பது, யார் தொடலாம் என்பதில்தான் கோளாறு.

1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதில் சொன்ன இரண்டு விதிகள் இன்றைக்கும் எங்கள் தொழிலின் அடிப்படை. ஒன்று, யாருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை கொடுக்காதே. இரண்டு, முடிந்த இடத்தில் ஒரு சாவியால் திறக்கும் பூட்டைவிட இரண்டு சாவி சேர்ந்து திறக்கும் பூட்டை வை. இரண்டாவதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று வங்கி லாக்கர்.

நம்மூர்க்காரனுக்கு இது புதிதில்லை. வங்கி லாக்கரில் வங்கியின் சாவியும் போட வேண்டும், நம் சாவியும் போட வேண்டும். கருவூலத்தின் காப்பறையில் இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்காது. தேர்தல் முடிந்து வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கும் இரட்டைப் பூட்டுதான். இரண்டு சாவிகளும் இரண்டு அதிகாரிகளிடம். இந்த ஏற்பாட்டை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. "என்னை நம்பலையா" என்று கருவூல அலுவலர் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அலுவலகத்தில் ஒரு அனுமதியைத் திரும்ப வாங்கினால் மட்டும் முகம் சுருங்குகிறது.

*

கிளவுட் வந்தபோது இந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் சர்வரையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. கணக்கு வைத்திருப்பவருக்கு எல்லாம் செய்யக்கூடிய ஒரே சாவி. பத்துப் பேர் வேலை செய்யும் குழு என்றாலும் அந்தச் சாவியைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு அடையாளம், ஆளுக்கொரு உரிமை என்று பிரித்துக் கொடுக்கும் ஐஏஎம் என்ற வசதி 2010இல் முன்னோட்டமாக வந்து, 2011இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதன் தர்க்கம் எளிது. வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் மறுக்கப்படும். ஓர் இடத்தில் அனுமதித்து இன்னோர் இடத்தில் மறுத்திருந்தால், மறுப்புதான் செல்லும்.

வசதி வந்துவிட்டது என்பதால் எல்லோரும் பயன்படுத்தினார்கள் என்று இல்லை. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டான். பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியே தள்ளப் பார்த்தார்கள். அவன் ஏற்கெனவே தனக்கென்று வேறு லாகின்களை உண்டாக்கி வைத்திருந்தான். வாடிக்கையாளர்களின் தரவையும் அதன் நகல்களையும் அழிக்கத் தொடங்கினான். சுமார் 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது, நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று. மூலத்தை அழிக்கும் உரிமையும் நகலை அழிக்கும் உரிமையும் ஒரே பலகையில் இருந்தன. நகையையும் நகை ரசீதையும் ஒரே பெட்டியில் வைத்த கதை.

2019இல் கேபிடல் ஒன் வங்கி. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. மறு வருஷம் அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். நுழைந்த வழி எது தெரியுமா? காவலுக்கு வைத்திருந்த ஃபயர்வால். அது தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வாசலில் நின்று வருகிறவர்களைச் சோதிப்பதுதான் அதன் வேலை. ஆனால் வீட்டுக்குள் இருந்த பீரோக்களைப் பட்டியலிடவும் திறந்து படிக்கவும் அதற்கு உரிமை கொடுத்து வைத்திருந்தார்கள். வாட்ச்மேனை ஏமாற்றியவளுக்கு அவன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து முழுவதும் கிடைத்தது.

எங்கள் வேலையில் தனிச் சிக்கல் இங்கேதான். பாதுகாப்புச் சேவையின் அனுமதி மற்ற அனுமதிகளைப் போல இல்லை. சர்வரைத் திறக்கிறவனால் அந்தச் சர்வரைத்தான் கெடுக்க முடியும். அலர்ட்டை அணைக்கத் தெரிந்தவனால், வேண்டுமென்று செய்தாலும் தெரியாமல் செய்தாலும், எல்லாச் சர்வரையும் குருடாக்க முடியும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதை உணர்ந்துதான் பாத்திரங்களைப் பிரித்திருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அசூரில் 'செக்யூரிட்டி ரீடர்' அலர்ட்டுகளைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 'செக்யூரிட்டி அட்மின்'தான் கொள்கையை மாற்றலாம், அலர்ட்டைத் தள்ளுபடி செய்யலாம். அமேசானின் கார்டுடியூட்டி 2017இல் வந்தது. பல கணக்குகள் சேர்ந்த அமைப்பில், அலர்ட்டுகளை மொத்தமாக அமுக்கும் விதியை நிர்வாகக் கணக்கு மட்டும்தான் எழுத முடியும். கிளைக் கணக்குகளால் முடியாது. 1824இல் ஒன்றாக்கிய சாவியை மறுபடியும் இரண்டாக்கியிருக்கிறார்கள்.

*

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியில் பையன் செய்ததை எழுதினேன். இரண்டாம் பத்தியில், அந்த விதியை எழுதும் அனுமதியை இன்ன தேதியில் கொடுத்தது நான் என்று எழுதினேன். மாற்றங்களின் பதிவேட்டில் அந்தத் தேதியும் என் பெயரும் அப்படியே இருந்தன. மாற்றங்கள் எல்லாம் பதிவாகியிருந்தன, படிக்கத்தான் ஆளில்லை. இருபது நாள் தொடர்ந்து அவனைத் தூங்கவிடாத அலர்ட்டைச் சரிசெய்யும்படி அவன் இரண்டு முறை மெயில் போட்டிருந்தான். அதற்கு நான் பதில் போடவில்லை என்பதையும் எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. பையன் வேலையில் தங்கினான். எனக்கு அந்த வருஷ ஊதிய உயர்வு வரவில்லை. நியாயம்தான்.

பிறகு அனுமதிகளைப் பிரித்தேன். இரவுப் பணியில் இருப்பவர்கள் அலர்ட்டைப் பார்க்கலாம், குறிப்பு எழுதலாம், மேலே அனுப்பலாம். ஒரு சர்வரை வலையிலிருந்து துண்டிக்கவும் செய்யலாம், ஏனென்றால் ஆபத்து நேரத்தில் என்னை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. அலர்ட்டை அமுக்கும் விதி எழுத வேண்டுமானால் ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் ஒப்ப வேண்டும். விதிக்கு 30 நாள்தான் ஆயுள். காவல் சேவையையே நிறுத்தும் உரிமை அன்றாட லாகின் எதிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை. அது தனிக் கணக்கில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு ஒரு கவரில், லாகினுக்கு வேண்டிய இரண்டாவது சாவி வேறொரு மேஜையில். யார் எதை மாற்றினாலும் பதிவு எங்கள் யாராலும் அழிக்க முடியாத இடத்துக்குப் போகிறது. இந்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 9 நாள் அறியாமலே கிடந்த எங்களுக்கு அந்த 6 மணி நேரம் என்ற கணக்கு அப்போது ஒரு கேலி போல இருந்தது.

மாதா மாதம் முதல் வெள்ளிக்கிழமை பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்கிறேன்: இந்த ஆள் இன்னும் இந்த வேலையில் இருக்கிறாரா, இந்த உரிமையைப் போன மாதம் பயன்படுத்தினாரா. முதல் தடவை கேட்டபோது, வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆன இருவரின் பெயர் அதில் இருந்தது.

என் சொந்த லாகினின் உரிமைகளைக் குறைத்த அன்று ஒரு மாதிரி இருந்தது. பதவி இறங்கியது போல. மாமாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த சாவியை வெளிச்சத்தில் பிடித்து, ராவிய பல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எத்தனை பூட்டு செஞ்சிருப்பேன். ஒண்ணுக்காவது மறு சாவி எடுத்து வெச்சுக்கிட்டது கெடையாது. கேட்டவங்க இருக்காங்க, தொலைஞ்சா உதவும்ல, வெச்சுக்கங்கன்னு. முடியாதுன்னுருவேன். நாளைக்கு அந்த வீட்டுல ஒரு குண்டுமணி காணாமப் போனாலும் மொதல்ல என் மூஞ்சிதான் ஞாபகம் வரும். சாவி கையில இருந்தா சந்தேகமும் கையிலதான் மாப்ளே இருக்கும்."

அந்தக் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பையனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் கேட்காத சாவியை நான்தான் அவன் கையில் திணித்திருந்தேன். கூடவே சந்தேகத்தையும். அனுமதியைக் குறைப்பது ஆளை நம்பாததற்கு அடையாளம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் கொடுத்திருந்தால், அன்றைக்கு அவனைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது.

கிளம்பும்போது ஒரு பழைய பெல் பூட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். தினமும் காலையிலும் ராத்திரியிலும் அடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்தான். யாரும் இன்னும் துணி திணிக்கவில்லை.